லூயிசின் கிளாக்கர்

நோபல் பார்க் தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு முதலில், இந்த நாட்டைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் கப்டன் குக் என்றுதான் தலைப்பு வைத்தார்கள். அவரைப் புகழ்ந்தாலும் சண்டை, திட்டினாலும் சண்டை. மூன்று கூட்டம் போட்டு யோசித்த நிர்வாகக் குழு, வம்பே வேண்டாம் என்று அமெரிக்காவுக்குப் போய்விட்டது.

தலைப்பு: "லூயிஸ் அண்ட் கிளார்க் பயணம், 1804–1806." அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வழி தேடிப் போன பயணம்.

ராகவிக்குப் பத்து வயது. அவளுடைய பேச்சை அப்பா எழுதினார். அநேகமாக எல்லாப் பேச்சையும் அப்பாமார்தான் எழுதுவார்கள். பிள்ளைகள் வாயை மட்டும் இரவல் கொடுப்பார்கள்.

அப்பா சிறிதரன் இங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர். ஊரில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக எழுத்து வேலை பார்த்தவர். தலைப்பைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா பிள்ளை! லூயிஸ் எண்ட தலைவர். கூட ஒரு கிளார்க். எங்கட கிளாக்கர்! கிளாக்கர் இல்லாமல் உலகத்தில ஒரு காரியமும் நடக்காது."

"மேடையில கிளாக்கர் எண்டு சொல்லலாமோ அப்பா?"

"சீச்சீ. இலிகிதர் எண்டு சொல்லவேணும்."

பேச்சு இப்படித் தொடங்கியது: "மாவீரர் லூயிஸ் முன்னே செல்ல, அவர்தம் அருமை இலிகிதர் கோப்புகளைச் சுமந்து பின்னே சென்றார்!"

வியாழக்கிழமை பள்ளி நூலகத்தில் ராகவி ஒரு புத்தகத்தைப் பிரித்தாள். செம்பட்டைத் தலையோடு ஒருவரின் படம். கீழே பெயர்: வில்லியம் கிளார்க். அவரும் ஒரு தலைவர்.

அந்தப் பக்கத்தை முழுதும் வாசித்துவிட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

வீட்டுக்குப் போனால், அப்பா குசினியில் அகப்பையை உயர்த்திப் பிடித்தபடி இலிகிதர் புகழ் பாடிக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளையும் போனது. போட்டி நாளான சனிக்கிழமை வந்துவிட்டது.

தலைமை நடுவர் வரதராஜா அங்கிள். "இரண்டு வார்த்தை பேசுகிறேன்" என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசினார். சரித்திரத்தில் ஊறியவர் என்று அவரைப் பற்றி அவரே சொன்னதால், எல்லோரும் நம்பினார்கள்.

ராகவி பேசினாள். இலிகிதர் வந்த இடத்தில் முன்வரிசையில் அப்பாவின் உதடும் கூடவே அசைந்தது. ஒரே கைதட்டல்.

அடுத்தது சுலக்சனா. பக்கத்து ஊரான ஸ்பிரிங்வேலில் இருந்து வருபவள். அவளுக்கு எழுதிக் கொடுக்க ஆளில்லை. தானே எழுதியிருந்தாள்.

"அவர்களோடு சகாஜவியா என்ற பதினாறு வயது அக்காவும் போனா. அவவிடம் கைக்குழந்தை இருந்தது. ஒருநாள் படகு கவிழப் பார்த்தது. தண்ணீரில் மிதந்த சாமான்களை அவ பதறாமல் எடுத்தா. தலைவர்கள் லூயிசும் கிளார்க்கும்..."

வரதராஜா அங்கிள் கையைத் தூக்கினார். "நில்லுங்கோ தங்கச்சி. கிளார்க் எண்டது பேரில்லை, உத்தியோகம். இப்பதானே ராகவி வடிவாச் சொன்னவா?"

மண்டபம் சிரித்தது. கூடச் சேர்ந்து ராகவியின் வாயும் சிரித்துவிட்டது.

சுலக்சனாவுக்கு மிச்சப் பேச்சு மறந்துபோனது. இறங்கிவிட்டாள்.

தேநீர் இடைவேளையில் அவள் ராகவியிடம் வந்தாள். "நான்தான் புத்தகத்தைப் பிழையா வாசிச்சிட்டன் என்ன?"

அவள் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ராகவி கையில் இருந்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தாள். காது இரண்டும் சுட்டன. மேசைக்கு அடியில் போய் இருந்துகொள்ளலாம் போல இருந்தது.

முதற்பரிசு ராகவிக்கு. அவளை விட அரை அடிதான் சின்னதான ஒரு வெற்றிக் கிண்ணம். அப்பா கைபேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வெற்றி பெற்ற செல்வி இரண்டு வார்த்தை பேசுவார்!" என்றார் வரதராஜா அங்கிள்.

ராகவி ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"வில்லியம் கிளார்க்" என்றாள்.

அன்று அந்த மண்டபத்தில் உண்மையாகவே இரண்டு வார்த்தை பேசியது அவள்தான்.

எல்லோரும் முழித்ததால் அவள் விளக்க வேண்டிவந்தது: "அது ஆளின்ர பேர். அவரும் ஒரு தலைவர். சுலக்சனா சொன்னது சரி. எனக்கு வியாழக்கிழமையே தெரியும். நான்தான் சொல்லேல்லை."

அப்பாவின் கைபேசி மெல்லக் கீழே இறங்கியது.

"சரித்திரத்தில் பல கருத்துகள் உண்டு" என்று வரதராஜா அங்கிள் இருமினார். அந்த இருமல் முடிவதற்குள் ராகவி கிண்ணத்தைச் சுலக்சனாவின் மடியில் வைத்துவிட்டாள். "போய் மிச்சத்தைச் சொல்லு. படகுக்குப் பிறகு என்ன நடந்தது?"

சுலக்சனா சொன்னாள். எல்லோரும் கேட்டார்கள்.

திரும்பும்போது அப்பா ரோட்டையே பார்த்துக் காரை ஓட்டினார். அப்பாவின் காதுகள் சிவந்திருந்தன.

"சொறி அப்பா."

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் நல்ல சந்தோசமா இருந்தனீங்கள்."

இரண்டு சிவப்பு விளக்குகள் கடந்தன.

"அந்தக் கிளார்க்... ஏதாவது எழுதினவரோ?"

"ஓம் அப்பா. கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் குறிப்பு எழுதினவர். வரைபடமும் கீறினவர்."

"பாத்தியா! கொஞ்சம் கிளாக்கர்தான்." அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. ராகவிக்கும் வந்தது.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "அடுத்த வருசம் நீ யோசிச்சுச் சொல்லு பிள்ளை. நான் எழுதிறன். எனக்கு அந்த உத்தியோகம் நல்லாத் தெரியும்."