வரமாட்டான், டிஸ்மிஸ் அடி!

மோட்டார் திணறியது... உறுமியது... நின்றுவிட்டது.

திருவொற்றியூர் கழிவுநீர் நிலையத்தின் கிணற்றில் எதுவோ அடைத்துக்கொண்டிருந்தது. கொக்கி போட்டு இழுத்தார்கள்.

வந்தது ஒரு மனிதன்!

முகம் அடையாளம் தெரியவில்லை. கையில் குத்தியிருந்த பச்சை மட்டும் மிச்சமிருந்தது.

'செங்கொடி.'

முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஓடி வந்தவளின் பெயரும் அதுதான். அவள் அழவில்லை. இன்ஸ்பெக்டர் குணசுந்தரியின் எதிரே வந்து நின்றாள்.

"எம்புருசம்மா, பேரு பாரி. இங்கதான் ஆபரேட்டரு. டூட்டிக்கு வராம ஓடிப்பூட்டான்னு டிஸ்மிஸ் பண்ணி, எங்க வூட்டுக் கதவுல பேப்பரு ஒட்னாங்கோ. எவளையோ இட்டுகினு பூட்டாருன்னு குப்பமே சிரிச்சுது. பாத்தா... இங்கயே கீறாரு."

"யாரோடயாவது தகராறா?"

"மணலி கம்பெனிலேர்ந்து டேங்கர் லாரி வந்து, கெமிக்கல் தண்ணிய இந்தக் கெணத்துல கொட்டிகினு போவுதாம். மேல சொல்லப்போறேன்னாரு. அத்தோட வூட்டுக்கு வரல."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"டூட்டில செத்தாருன்னு எழுதும்மா. அவரு வேலய எனக்குத் தருவாங்கோ. ரெண்டு புள்ளைங்க கீது."

எஞ்சினியர் தணிகைவேலன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வந்தார்.

"குடிகாரன் மேடம். தவறி விழுந்திருப்பான். பாவம்."

குணசுந்தரி அவரைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற கிளார்க் பஷீரைப் பார்த்தாள்.

"பாய், இங்க ஒருத்தரை டிஸ்மிஸ் பண்ண எவ்ளோ நாளாகும்?"

"வருசக்கணக்கா இழுக்கும் மேடம். மெமோ, விளக்கம், விசாரணை... மோட்டார் காப்பர் காயிலத் திருடுனவனுக்கே நோட்டீஸ் மேல நோட்டீஸ் அனுப்புனாரு எஞ்சினியர் சாரு. இல்லாங்காட்டி கோர்ட்டுக்குப் போய் மாலையும் கழுத்துமா திரும்பி வந்துடுவான்."

அரசாங்க ஃபைல் ஆமை வேகத்தில்தான் நகரும். ஊரறிந்த விஷயம்.

"பாரிக்கு?"

பஷீர் எஞ்சினியரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நோட்டீஸ் அடிக்கட்டான்னு கேட்டேன். 'வேணாம், நேரா டிஸ்மிஸ் அடி'ன்னாரு. கோர்ட்டுக்குப் பூடுவான் சார்னேன். 'வரமாட்டான்யா'ன்னாரு."

குணசுந்தரி மெல்லத் திரும்பினாள்.

"திருடனுக்கே அத்தனை நோட்டீஸ் அனுப்புன ஆளு சார் நீங்க. பாரி கோர்ட்டுக்கு வரமாட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கைக்குட்டை கீழே விழுந்தது.

"லாரிக்காரங்க கிட்ட வாங்கித் தின்னுட்டேன் மேடம்... காட்டிக் கொடுப்பேன்னான்... தள்ளிட்டேன்..."

ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. செங்கொடி பஷீரிடம் ஓடினாள்.

"அப்ப டிஸ்மிஸ் கேன்சல்தானே பாய்?"

"ஆர்டர் போட்டாச்சேம்மா. டிஸ்மிஸ் ஆனவரு குடும்பத்துக்கு வேலை கிடையாது. அப்பீல் பண்ணித்தான் மாத்தணும்."

"பண்றேன்."

"நீ பண்ண முடியாதும்மா. வேலை பார்த்தவரே நேர்ல வரணும். எங்க ஆபீஸ் ரூல்ஸ் அப்படி."

சொல்லும்போது அவருக்கே அவமானமாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

"கொன்னானே, அந்தாளு? அவன் வேல?"

"சஸ்பெண்டு. பாதி சம்பளம் வரும். மெமோ, விளக்கம், விசாரணை... எல்லாம் முறைப்படி நடக்கும். அவசரப்பட்டா கோர்ட்டு ஒத்துக்காதும்மா."

ஆம்புலன்ஸ் கதவு சாத்தப்பட்டது. செங்கொடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் திரும்பினாள்.

"சரி பாய். போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சதும் அவர நேரா இங்கயே அனுப்பி வுடறேன்... குந்த ஒரு சேர் போட்டு வையி."