சேகரித்தவர் பெயர்

எத்தனையோ வருடங்களுக்கு முன் உலர்த்தி ஒட்டிய ஜப்பானிய மேப்பிள் இலை, விரலில் ஈரமாகப் பட்டது.

செடி கொடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அந்தக் கூடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் புக வழியில்லை. அந்துருண்டை நெடியும் பழைய காகிதத்தின் புளிப்பும் மட்டுமே குடியிருந்த இரும்பு அலமாரிக்குள்ளிருந்து, இப்போதுதான் கிள்ளியது போன்ற பச்சை வாடை கிளம்பி வந்து அவள் மூக்கில் ஏறியது.

மலை மலையாக ஏறி இந்தக் கிளைகளை வெட்டியவள் அவள். உலர்த்தியதும் ஒட்டியதும் அவள். பக்கத்தில் குடை பிடித்து நின்றவர் கணவர். ஆனால் ஒவ்வொரு தாளின் மூலையிலும் ‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும்தான். போன வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். பதிவுகளைக் கணினியில் ஏற்றும் வேலை தன்னிடம் வந்ததும், அந்தப் பெயரின் மேல் தன் பெயரை ஒட்டத் தொடங்கினாள்.

நிலையத்தின் பொறுப்பாளர் கணவரின் தம்பி. அவள் பெயரை ஒட்டுவதைக் காலையில்தான் பார்த்துவிட்டார்.

“அண்ணன் பேரு இருந்துட்டுப் போகட்டுமே அண்ணி. செத்துப்போனவர்கூட என்ன மல்லுக்கட்டு?”

“உயிரோட இருந்தப்ப மட்டும் எனக்கு விட்டுக்குடுத்தாரா?”

இப்போது சாயங்காலம். எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அடுத்த தாளும் ஈரம். அதற்கடுத்ததும். அவள் ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் மட்டும் வழுக்கித் தரையில் விழுந்தன. கூடத்தின் கோடியில், செடிகளை அழுத்தி உலர்த்தும் மரச்சட்டத்தின் தோல்வாரை யாரோ இறுக்குவதுபோல் ஒரு கிறீச்சொலி.

கொழுந்தனாருக்குப் போன் போட்டாள்.

“உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா?”

“நீங்க மட்டும்தான் அண்ணி. பக்கத்துல இருமுறது யாரு?”

“யாரும் இருமலையே.”

“அண்ணி... அது அண்ணன் இருமல்.”

இணைப்பு அறுந்தது.

ஓடியிருக்கலாம். இத்தனை வருட ஆத்திரம் கால்களை அந்தச் சட்டத்தின் பக்கமே இழுத்தது. செத்த பிறகுமா? வாரை அவிழ்த்தாள். பலகையைத் தூக்கினாள். செய்தித்தாள். சிவந்த இலைகள். இலைகளுக்கு அடியில் அவர் முகம்.

தட்டையாக. காய்ந்து. நரம்பு நரம்பாக.

மூடிய இமைகள் ஓரத்தில் சுருண்டு, மெல்ல எழும்பின.

பலகையைக் கீழே போட்டதில் அந்தத் தாள் நழுவியது. அடியில் வேறொரு தாள். வெற்றுத்தாள். அதில் அப்போதுதான் ஒரு முகத்தின் வடிவில் பசை தடவப்பட்டிருந்தது. நெற்றி. மூக்கு. மோவாய். அவள் கன்னத்து மச்சத்துக்கு மட்டும் இடம் விட்டு.