அய்யாத்துரை கடையின் கறுப்பு டீ

தாராவியில் ஒரு திங்கட்கிழமை காலை அய்யாத்துரையின் டீ கறுத்துப் போனது.

சும்மா கறுப்பு இல்லை. பால் ஊற்றினால் எலி நிறம், ஊற்றாவிட்டால் பேனா மை. தையல்கடைக்காரர் ஒருவர் அதில் குச்சியைத் தோய்த்துத் தன் மகனுக்கு விடுப்புக் கடிதமே எழுதினார். விடுப்பும் கிடைத்தது.

குடிக்கத்தான் ஆள் இல்லை.

"என்ன அண்ணாச்சி, தோலுக்குப் பூசுற சாயத்த எனக்கே ஊத்தித் தாரீங்க?" என்றார் இனாயத்துல்லா. பக்கத்துத் தோல்பைப் பட்டறை அவருடையது. அரை கிளாஸ் குடித்துவிட்டு மீதியை வைத்துவிட்டார்.

அய்யாத்துரை கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். வெளிச்சம் இந்தப் பக்கம் வரவே இல்லை. அவர் விறுவிறுவென்று எதிர்வரிசைக்கு நடந்தார். அங்கே டீத்தூள் விற்கும் சுடலைக்கண்ணன் அவருக்கு இருபது வருஷக் கூட்டாளி.

"ஏல சுடல, தூள்ல என்னத்தக் கலந்த?"

"ஒன் மூஞ்சியப் பாத்தே தூளு கறுத்திருக்கும்."

பேச்சு வளர்ந்தது. கடைசியில் அய்யாத்துரை தெருவே கேட்கச் சொன்னார்: "இனி ஒங்கடை வாசல மிதிச்சேன்னா மீசையை எடுத்துருதேன்."

போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் அது லேசுப்பட்ட மீசை இல்லை. குர்லாவில் அவர் ரயில் ஏறினால், மீசைக்கென்று இரண்டு பேர் நகர்ந்து இடம் விடுவார்கள்.

திரும்பி வந்தவர் மகள் ஷாலினியைக் கூப்பிட்டார். "ஏட்டி, இன்னைலருந்து அவன் மவகூடப் பேசக்கூடாது."

சுடலைக்கண்ணன் மகள் சாதனாவும் ஷாலினியும் ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. மழைக்காலத்தில் ஒரே குடை. அந்தக் குடை சாதனாவுடையது. அன்று ஷாலினி தொப்பலாக நனைந்துதான் பள்ளிக்குப் போனாள். பெஞ்சில் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னும் நான்கு பேர் உட்காரலாம்.

இது இப்படியே போகக்கூடாது என்று ஷாலினி முடிவு செய்தாள்.

சாயங்காலம் முதல் வேலையாக, அதே டீத்தூளைக் குழாய்த் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தாள். டீ சிவப்பாக வந்தது. பிறகு கடை டிரம்மில் இருந்த தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தாள். மை வந்தது.

"அப்பா, தூள் நல்லாத்தான் இருக்கு. கோளாறு தண்ணியில."

"தண்ணி பளிங்கு மாதிரி இருக்குட்டி."

பளிங்கு மாதிரிதான் இருந்தது. ஆனால் பளிங்கை நம்பக்கூடாது என்று போன வாரம்தான் அறிவியல் வகுப்பில் பிரம்மநாயகம் சார் காட்டியிருந்தார். மூன்று சோதனைக் குழாய்களிலும் தண்ணீர் மாதிரியே தெளிந்த, நீர்த்த கரைசல். மூன்றிலும் ஒரே சலவைச் சோடாவை விட்டார். ஒன்றில் நீலமாகத் திரண்டது, அது தாமிரம். ஒன்றில் அழுக்குப் பச்சை, அது இரும்பு. ஒன்றில் வெள்ளை, அது படிகாரம்.

"கரைஞ்சு ஒளிஞ்சிருக்கிற அயனியை சோடா பிடிச்சுக் கீழே உட்கார வைக்கும். அதுக்குப் பேர் வீழ்படிவு. அது என்ன நிறம்னு பார்த்தா ஆள் யார்னு தெரிஞ்சிடும்" என்றார் சார்.

ஷாலினி அம்மாவின் துணி சோடாவை ஒரு ஸ்பூன் கரைத்தாள். டிரம் தண்ணீரில் கொஞ்சம் விட்டாள். பச்சையாகக் கலங்கியது. சற்று நேரத்தில் மேலாகத் துருவின் நிறம் ஏறியது.

"இரும்பு" என்றாள். "டீயோட துவர்ப்புல இரும்பு சேந்தா மையாட்டம் கறுத்துப் போகும்."

"பிளாஸ்டிக் டிரம்முல இரும்பு எப்படிட்டி வரும்?"

"நீங்க உள்ள என்ன போட்டீங்க?"

"வருஷா வருஷம் போடுததுதான். மழைக்குத் தண்ணி கலங்கி வருதுன்னு காலைல ஒரு கை படிகாரம் போட்டேன்."

"எங்க வாங்கினீங்க?"

அய்யாத்துரை மீசையைத் தடவினார். "வாங்குததா? பாய் பட்டறை வாசல்ல டப்பா இருக்கும். ஒரு கை அள்ளிக்கிடுவேன். அவரு நம்ம சீனி டப்பாவுல அள்ளுவாரு. யாரும் யாரையும் கேக்குததில்ல."

ஷாலினி பட்டறைக்குப் போய்க் கேட்டாள்.

"அந்த டப்பாவா?" என்றார் இனாயத்துல்லா. "படிகாரத்த உள்ள எடுத்து வச்சுட்டேன் புள்ள. இதுல அன்னபேதி இருக்கு. தோலைக் கறுப்பாக்குற இரும்பு உப்பு. பழசு, மேல வெள்ளை பூத்துக் கெடக்கு."

அவள் இரண்டிலும் ஒரு சிட்டிகை வாங்கிக் கடைக்கு வந்து, தனித்தனிக் கிளாஸில் கரைத்து, சோடா விட்டாள். படிகாரத்தில் வெள்ளை. அன்னபேதியில் அதே அழுக்குப் பச்சை.

பின்னாலேயே வந்திருந்த இனாயத்துல்லா டீக்கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்போ தோலுக்குப் பூசுறதத்தான் குடிச்சேனா?"

"அரை கிளாஸுதான பாய்" என்றார் அய்யாத்துரை.

டிரம்மைக் கவிழ்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்தார்கள். ஆனால் அய்யாத்துரை எதிர்வரிசையைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தார்.

"போயி ஒரு வார்த்த சொல்லுங்கப்பா."

"தெருவே கேக்கச் சொல்லிட்டேனேட்டி."

ஷாலினி கொஞ்சம் யோசித்தாள். பிறகு கிளாஸ்களைத் தட்டில் வைத்துக்கொண்டு தானே போனாள். சுடலைக்கண்ணன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாதனா.

"மாமா, உங்க தூள்மேல தப்பில்ல. அப்பாதான் படிகாரம்னு நெனச்சு அன்னபேதியப் போட்டுட்டாங்க. பாருங்க." எல்லாவற்றையும் காட்டினாள். "அப்பாவுக்கு வரணும்னுதான் இருக்கு. மீசையினால வர முடியல."

சுடலைக்கண்ணன் பச்சைக் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மழமழவென்றிருந்த தன் மேலுதட்டைத் தடவினார்.

"அவன் வரவேண்டாம். எனக்குத்தான் மீசையே கெடையாதே, நான் வாரேன்."

தெருவைக் கடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே சாதனாவும் வந்து ஷாலினியை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அய்யாத்துரை டீ போட்டு நீட்டினார்.

"தூளு நல்ல தூளு" என்றார் கிளாஸைப் பார்த்தபடி.

சுடலைக்கண்ணன் ஒரு வாய் குடித்தார். "சீனி கம்மி."

அய்யாத்துரை மறுபேச்சில்லாமல் இன்னொரு ஸ்பூன் போட்டார். இருபது வருஷத்தில் அவர் மறுபேச்சுப் பேசாதது அதுதான் முதல் தடவை.