ஆள் வந்தால் பாட்டு மாறும்

செல்போன் அலறியது.

ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே, லிப்ட் பெட்டியின் தலைமேல் குந்தியிருந்தான் ஸ்பேனர். வாயில் டார்ச். கையெல்லாம் கிரீஸ்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. யாரும் கூப்பிடுவதில்லை. தொழில், லிப்ட் மெக்கானிக். அதே ஸ்பேனரால் மண்டையும் பிளப்பான். அதனால் வந்த பட்டம்.

அழைத்தவர் மாமா. அக்கா புருஷன். கடற்கரை ஹோட்டல் ஒன்றின் முதலாளி.

"சொல்லுங்க மாமா."

"எங்கடா இருக்க?"

"லிப்ட் குழியில மாமா. கம்பி மாத்திக்கிட்டு..."

"ஏறி வந்து எங்கயாவது டி.வி. இருந்தா பாரு."

"என்ன மாமா, மேட்ச்சா?"

"நீ கொன்னு போட்ட ஆளு பியானோ வாசிக்கிறான்."

டார்ச் நழுவியது. ஆறு மாடிக்குக் கீழே அது உடைந்த சத்தம் நிதானமாக மேலே வந்தது.

கீழே வாட்ச்மேன் அறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசிக்கும் பெண் மூச்சு விடாமல் பேசினாள்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி ஈரக் கோட்டோட கரையில ஒதுங்கிக் கிடந்தார். இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. பேரு தெரியல, ஊரு தெரியல. ஆனா ஆஸ்பத்திரி ஹால்ல இருந்த பழைய பியானோவைப் பார்த்ததும் உட்கார்ந்தார்... நாலு மணி நேரம் எழுந்திருக்கல. யார் இந்த மௌன மேதை?"

"என்னமா வாசிக்கிறான் பாருங்க சார்," என்றான் வாட்ச்மேன். "எம் பொண்டாட்டி ரெண்டு நாளா அடுப்பே பத்த வைக்கல. வாயைப் பொளந்துக்கிட்டு இவனையே பாக்கறா."

மொட்டைத் தலை. குறுக்கே தையல். வீங்கிய முகம். ஆனால் அந்த விரல்கள்?

ஸ்பேனருக்கு அந்த விரல்களைத் தெரியும்.

மாமாவின் பார்ட்னர் போன மாதம் லிப்ட் குழியில் விழுந்து செத்தார். விழுந்தார் என்றுதான் போலீஸ் எழுதியது. லிப்டை மேலே நிறுத்தி, அதற்குக் கீழ் மாடியில் கதவைத் திறந்து வைத்து, அவர் முதுகில் கை வைத்தவன் ஸ்பேனர். அந்த யோசனையெல்லாம் ஓடியது ஹோட்டல் லவுஞ்சில், பியானோவுக்குப் பக்கத்து சோபாவில். வாசிக்கிறவனை யார் மனுஷனாக மதித்தார்கள்? நாற்காலி, மேஜை, பியானோக்காரன். அவ்வளவுதான்.

காரியம் முடிந்த பிறகுதான் மாமாவுக்கு உறைத்தது. அவனுக்குக் காது இருக்கிறதே...

பாலத்தின் மேல் இரண்டு அடி. இரண்டும் பின்மண்டையில். கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கிப் போட்டு, தண்ணீரில் விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனான் ஸ்பேனர். ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். டீ ஆறிவிடும் என்று நினைத்தான் போலிருக்கிறது.

மாமாவின் அறை. குளுகுளு என்றிருந்தது.

மாமா மேஜை டிராயரை இழுத்தார். "இடது கையை வை."

"மாமா..."

"வைடா."

வைத்தான். காலால் ஒரு உதை. டிராயர் மூடியது. இரண்டு விரல்கள் ஒடிந்தன. ஸ்பேனர் சுருண்டு தரையில் உட்கார்ந்தான்.

"வலது கையை ஏன் விட்டேன்னா, அதுக்கு வேலை இருக்கு," என்றார் மாமா. "நாலுலேர்ந்து அஞ்சு வரைக்கும் பொதுஜனத்தை உள்ள விடறாங்க. அவனுக்கு ஞாபகம் வந்தா ரெண்டு பேருக்கும் கயிறுதான். அஞ்சு மணிக்கு அவன் உயிரோட இருந்தா, ஆறு மணிக்கு நீ இருக்கமாட்ட."

"நம்ம ஹோட்டல்காரங்க யாருக்கும் அடையாளம் தெரியலையா மாமா?"

"நாலு மாசமா முதுகைத்தானடா பாத்தாங்க."

"அக்காவை நெனச்சுப் பாருங்க மாமா..."

"உங்கக்கா ரெண்டு நாள் அழுவா. நகைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனா நிறுத்திடுவா."

நாலேகாலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. ஸ்பேனரின் வலது கைச் சட்டைக்குள் ஒரு ஸ்க்ரூடிரைவர். ஊசி முனையாக ராவியது. கூட்டம் நெருக்கும்போது கழுத்தில் ஒரே ஏற்று... அலறல் கிளம்பும் முன்னே வெளியே வந்துவிடலாம்.

முன்னால் நின்ற பெண் போட்டோ ஆல்பத்தோடு திரும்பினாள்.

"நீங்க யாருக்கு வந்தீங்க?"

"சும்மா பாக்க."

"நான் அவரு சம்சாரம்."

"அப்படியா?"

"இன்னிக்கு நான் நாலாவது சம்சாரம். மத்த மூணு பேரும் பொய்."

ஹாலில் முப்பது பேர். வாசலில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். பியானோ பக்கத்தில் ஹெட் நர்ஸ். ஓரத்தில் மைக்கும் கேமராவுமாக அந்த டி.வி. பெண். பியானோக்காரன் முதுகைக் காட்டி உட்கார்ந்து மெதுவாக எதையோ வாசித்துக்கொண்டிருந்தான். சோகமான பாட்டு. இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

ஸ்பேனர் உள்ளே காலை வைத்தான்.

பாட்டு சட்டென்று மாறியது.

துள்ளலான பாட்டு. ஸ்பேனர் வைத்த கால் வைத்தபடி நின்றான். ஏனென்றால் அது... அவனுடைய பாட்டு.

ஹோட்டலில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் வருகிற ஆள் உள்ளே நுழைந்தால் அந்த ஆளுக்குப் பிடித்த பாட்டுக்கு மாறிவிடுவார்கள். திரும்பக்கூட மாட்டார்கள். எதிரே பளபளக்கிற கறுப்புப் பலகையில் ஆள் தெரியும். முதலாளிக்கு ஒன்று, பார்ட்னருக்கு ஒன்று. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வருகிற லிப்ட் மெக்கானிக்குக்கும் ஒன்று வாசித்தவன் இவன் ஒருத்தன்தான். அதைக் கேட்டு எத்தனை சாயங்காலம் ஸ்பேனருக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது! அந்த ஆளைத்தான் பின்மண்டையில் அடித்தான்.

மெல்லப் பின்வாங்கி வாசலைத் தாண்டினான். பழைய சோகம் திரும்பியது.

"சார்... ஒரு நிமிஷம்," ஹெட் நர்ஸ் ஓடி வந்தாள். "நீங்க வந்ததும் பாட்டு மாறிச்சு. போனதும் மறுபடி மாறிச்சு. இன்னொரு தடவை உள்ள வாங்க."

"எனக்கு அவசர வேலை சிஸ்டர்..."

"வாய்யா, தெய்வமே கண்ணைத் திறந்திருக்கு, வேலையாம் வேலை." நாலு கைகள் அவனைப் பிடித்து உள்ளே தள்ளின.

துள்ளல்.

ஹாலே கை தட்டியது. நாலாவது சம்சாரம் ஆல்பத்தை மூடிக்கொண்டு அழுதாள். டி.வி. பெண் மைக்கை வாயருகே நீட்டினாள்.

"சார், நேரலை போய்க்கிட்டிருக்கு. நீங்க இவருக்கு யாரு?"

ஸ்பேனரின் மூளை விர்ரென்று சுழன்றது. இத்தனை கண்ணுக்கு நடுவே குத்த முடியாது. ஆனால் சொந்தக்காரன் என்றால் கையோடு அனுப்பிவிடுவார்களே. வீட்டுக்குக் கூட்டிப் போய் ஆற அமரக் கொல்லலாமே...

"இவன் எந்தம்பிங்க," குரல் தானாகவே உடைந்தது. "எங்கூடப் பொறந்த தம்பி."

பியானோக்காரன் எழுந்து வந்தான். வெறித்துப் பார்த்தான். பிறகு ஸ்பேனரின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

கூட்டம் கதறியது. இன்ஸ்பெக்டர் மட்டும் அழவில்லை.

"தம்பி பேரு?"

எட்டாம் வகுப்பில் கூடப் படித்த எவனோ ஒருவனின் பேரைச் சொன்னான்.

"போட்டோ, சர்ட்டிபிகேட் ஏதாவது?"

"வீட்ல இருக்கு மேடம்."

"வீட்டு அட்ரஸைக் குடுங்க. எங்க ஆளு போய் எடுத்துட்டு வரட்டும். அதுவரைக்கும் டாக்டர் ரூம்ல தம்பியோட உட்காருங்க."

டாக்டர் அறைக்குக் கண்ணாடிச் சுவர். வெளியே கேமரா. ஸ்பேனர் இருப்புக்கொள்ளாமல் மணி பார்த்தான். நாலு ஐம்பது.

எதிரே பியானோக்காரன் மேஜைமேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். துள்ளல்தான். திடீரென்று விரல்கள் நின்றன. வேறு தாளம் தொடங்கியது. கனமாக, மெதுவாக.

அது யாருடைய பாட்டு என்று ஸ்பேனருக்குத் தெரியும்.

நிமிர்ந்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா. கான்ஸ்டபிளிடம் கண்ணைத் துடைத்தபடி ஏதோ சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கதவைத் தாழிட்டார். "பசங்க கொஞ்சம் நிம்மதியா அழட்டும்," என்று சத்தமாகச் சொல்லி, திரையை இழுத்து மூடினார். திரும்பியபோது கையில் கத்தி இருந்தது.

"மாமா, நான் சொல்றதை..."

"நாட்டுக்கே மூஞ்சியைக் காட்டிட்டு இனிமே என்னடா சொல்லப்போற? உன்னைத் தேடி வந்தா என் வீட்லதானே வந்து நிப்பாங்க." குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. அண்ணன்தம்பின்னு சொன்னியே, அது நல்ல யோசனை. அண்ணன்தம்பிக்குள்ள சண்டை. ஒருத்தனை ஒருத்தன் குத்திக்கிட்டாங்க. மாமாக்காரன் வெலக்கப் பாத்தேன், முடியல."

கத்தி பாய்ந்தது. ஸ்பேனரின் முன்கை எலும்பு வரை கிழிந்தது. மறு வீச்சு காதை உரசிப் போனது. நாற்காலி சாய்ந்தது, இருவரும் உருண்டார்கள். ஒடிந்த விரல்களை மாமா முழங்காலால் நசுக்கினார். ஸ்பேனர் ஊளையிட்டான்.

வலது கைக்கு வேலை இருந்தது.

ஸ்க்ரூடிரைவர் மாமாவின் தாடைக்குக் கீழே பிடிவரைக்கும் இறங்கியது. சூடான ரத்தம் ஸ்பேனரின் முகமெல்லாம் பீச்சியது. மாமா இரண்டு தடவை உதறினார். பிறகு கனத்துப் போனார்.

கதவு உடைந்தது. இன்ஸ்பெக்டர், நர்ஸ், கேமரா... எல்லாரும் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள்.

"நேயர்களே, தம்பியைக் காப்பாத்த உயிரையே பணயம் வெச்சிருக்கார் இந்த அண்ணன்," டி.வி. பெண் அழுதுகொண்டே பேசினாள். வெளியே கூட்டம் விசிலடித்தது.

ஸ்பேனர் மூச்சு வாங்கியபடி யோசித்தான். பார்ட்னர் போயாச்சு. மாமாவும் போயாச்சு. இவனுக்கோ புத்தி போயாச்சு. இனி உண்மை தெரிந்த ஆள் உலகத்தில் யார்? அன்றைக்கு முதல் தடவையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"யாரு இந்த ஆளு?" இன்ஸ்பெக்டர் பிணத்தைக் காட்டினாள்.

"தெரியலைங்க மேடம். திடீர்னு வந்து குத்தினான். முன்னப்பின்ன பாத்ததே இல்ல."

"அவர் சம்சாரம் இவரோட சொந்த அக்கா, மேடம்."

புதுக் குரல். தெளிவான குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். பியானோக்காரன் கைக்குட்டையால் விரல்களில் தெறித்த ரத்தத்தை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"செத்தவர் ஹோட்டல் முதலாளி. பார்ட்னரைக் கொல்லச் சொன்னது அவர், லிப்ட் குழியில தள்ளினது இவர். ஆறடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தேன். அதுக்காக என்னைப் பாலத்துலேர்ந்து தூக்கிப் போட்டதும் இதே அண்ணன்தான்."

ஹெட் நர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப உங்களுக்கு ஞாபகம்..."

"போகவே இல்லையே சிஸ்டர்."

"மூணு வாரமா ஏன் வாயைத் திறக்கல?" இன்ஸ்பெக்டர் அதட்டினாள்.

"முதலாளி ஒரு போலீஸ் அதிகாரிக்கு மாசாமாசம் விருந்து வெப்பார். எந்த ஸ்டேஷன்னு மட்டும் காதுல விழல. யாரை நம்பிச் சொல்றது? அதான் நாடே என்னைப் பாத்துக்கிட்டிருக்கட்டும்னு வாசிச்சேன். தேடி வர்றவங்க கேமராவுல விழுவாங்க இல்லையா?"

"பொய் மேடம்," ஸ்பேனர் கத்தினான். "எந்தம்பிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு..."

"தம்பி பேரு என்ன சொன்னீங்க?"

ஸ்பேனர் வாயைத் திறந்தான். எட்டாம் வகுப்புக்காரன் எவன் என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

விலங்கு மாட்டப்பட்டது. விஷயம் தெரியாத கூட்டம் வெளியே இன்னும், "அண்ணனைக் காட்டு" என்று கோஷம் போட்டது. டி.வி. பெண் தட்டுத்தடுமாறி மைக்கை நீட்டினாள்.

"சார்... அண்ணனை எங்க கூட்டிட்டுப் போறாங்க? எப்ப வருவார்?"

பியானோக்காரன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான்.

"பதினாலு வருஷமாவது ஆகும்மா. ஆனா, கூடவே கிளம்பிப் போற தம்பி நான் இல்லை."