வெடிப்பு கிடைத்தால் போதும்

செத்த செடிகளை அடுக்கி வைத்திருக்கும் அறையில் மழை வாசனை வரக்கூடாது. அந்துருண்டையும் பழைய காகிதமும் மணக்கலாம், அவ்வளவுதான். அன்று சாயங்காலம், ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த காப்பகத்தில் தனியாக உட்கார்ந்திருந்த தாவர ஆய்வாளரின் மூக்கில் நனைந்த பாறையின் வாசனை ஏறியது. அதற்கு அடியில் இன்னொன்று: முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம். மைத்துனன் தேய்ப்பது.

மனைவியின் தம்பி அவன். பாறையைக் கண்டால் கை சும்மா இருக்காது. வீட்டில் செல்லப்பேர் குரங்கு. சில நாள் முன்பு, மாமாவுக்காகச் செங்குத்துப் பாறையில் தொங்கி ஒரு புதுவகைப் புதரைப் பறித்தவனும் அவன்தான்.

அந்தப் பேரினத்துப் புதர்களுக்கு மண் என்றால் இளக்காரம். நல்ல தோட்டத்தில் வைத்தால் கோபித்துக்கொண்டு செத்துப்போகும். நிழலும் ஈரமும் ஒரு வெடிப்பும் கிடைத்தால் போதும், குடும்பம் நடத்தும். தடித்த இலைகள், எதிரெதிர் ஜோடியாக. இலையின் அடியில் மெல்லிய மயிர். வெள்ளைப்பூ எப்போதும் தலைகீழாகத் தொங்கும். இரண்டு இனங்கள்தான் உலகத்துக்குத் தெரியும். இது மூன்றாவது.

பாறையில் தொங்கியபடியே, வேரோடு பிடுங்கிய செடியை ஒரு கையால் மேலே நீட்டினான் மைத்துனன். காலடியில் கல் பெயர்ந்தது. மறு கையையும் நீட்டினான்.

"மாமா, செடி கிடக்கட்டும். என்னைப் பிடிங்க."

வேர் அறுந்துவிடக்கூடாதே என்று, ஆய்வாளர் செடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வீட்டில், பாதி வழியிலேயே அவன் இறங்கிக்கொண்டான் என்று சொல்லிவிட்டார். ஊர் சுற்றுகிறவன்தானே, நம்பினார்கள். அன்றைய அவசரத்தில் ஒரு வேலை விட்டுப்போயிற்று. சதைப்பற்றுள்ள செடியைக் கொதிநீரில் முக்கிக் கொன்ற பிறகே காகிதத்துக்கு நடுவே வைத்துப் பலகையால் அழுத்தவேண்டும். இல்லாவிட்டால் அது உள்ளேயே உயிரோடு கிடக்கும். அவர் கொல்லவில்லை. செடியைச் சொல்கிறேன்.

இப்போது மேஜைமேல் இருந்த அழுத்துப்பலகையின் வார் முனகியது.

காற்றாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாத்திய அறைக்குள் எந்தக் காற்று? வாரை அவிழ்த்தார். காகிதம் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குள் இலைகள் முன்னைவிடத் தடித்து, பச்சையாக இருந்தன; அடியில் இருந்த மயிரெல்லாம் குளிரில் சிலிர்த்த கைபோல எழுந்து நின்றன. வேரைத் தேடினார். பலகையின் விரிசல் வழியே மேஜைக்குள் இறங்கியிருந்தது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.

ஒரு காய் வெடித்தது.

மூக்குப்பொடி போன்ற விதைகள். முகமெல்லாம். இருமினார். துப்பினார். பல்லிடுக்கில் ஏதோ நமநமத்தது.

கதவு திறந்தது. மனைவி.

"என்னங்க, போனை எடுத்தா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க? தம்பிகிட்டேருந்து ஒரு தகவலும் இல்ல." சட்டென்று நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். "இங்க வந்தானா? அவன் தைல வாசனை அடிக்குதே! எங்க ஒளிஞ்சிருக்கான் அந்தக் குரங்கு?"

பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே பார்த்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சொல்லிவிடலாம். இப்போதே. கையை நீட்டினான், நான் பிடிக்கவில்லை என்று.

நாக்கு எழவில்லை.

இழுத்தார். அடியில் எதுவோ பிடித்திருந்தது. மெல்லிசாக. பல இடங்களில். ஈறுக்குள். தொண்டைக்குள். இன்னும் கீழே.

"ஏன் பேசாம நிக்கிறீங்க? அவனுக்கு என்ன ஆச்சு?" சிரிப்பு போயிருந்தது. "என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். கண்ணில் நீர் வழிந்தது. அவள் அவர் தாடையைப் பிடித்தாள்.

"வாயைத் திறங்க."

திறந்தார்.

பற்களுக்கு நடுவிலிருந்து இரண்டு இலைகள், எதிரெதிராக, ஈரத்தோடு விரிந்தன. அவற்றின் இடையிலிருந்து ஒரு வெள்ளைப்பூ கீழுதட்டின்மேல் தலைகீழாகத் தொங்கியது. பிறகு, அந்தப் பேரினத்தில் எந்தப் பூவும் செய்யாதபடி, மெல்ல மெல்ல நிமிர்ந்து, அக்காவின் முகத்தைப் பார்த்தது.