பச்சை விளக்கு

அந்த வாரம் முழுவதும் அங்கயற்கண்ணி விடிந்ததும் குடத்துடன் கீழே இறங்கினாள். குடியிருப்பின் வாசலில் நின்ற புங்கமரத்துக்கு நீர் வார்த்துவிட்டு, பூஜையறையில் பாடும் பதிகத்தை அதன் அடியில் நின்று பாடினாள். மேல்வீட்டுக்காரர்கள் மண்புழு உரம் போட்டார்கள். பட்டையில் அறைந்திருந்த விளம்பர ஆணிகளைச் சங்கப் பொருளாளர் வைத்தியலிங்கம் குறடால் பிடுங்கினார். பார்த்தவர்கள் நல்ல மனிதர்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

மரத்தை வெட்டத்தான் இத்தனையும்.

மரமும் நகரின் குடி என்று சட்டம் வந்தபின், அதன் சம்மதம் இல்லாமல் கோடரி வைக்க முடியாது. வேரில் பதித்த வேர்மானி சாற்றோட்டத்தைக் கவனிக்கும். தவிப்பு தெரிந்தால் அடிமரத்து விளக்கு சிவப்பாக எரியும். ஒரு வாரம் அமைதி நீடித்தால் பச்சை. மரம் சம்மதித்துவிட்டது என்று பொருள். அதன்பின் ஒரு கணம் பதறிச் சிவந்தாலும், அடங்கியதும் பச்சைக்கே திரும்பும். கார்களுக்கு மின்னேற்றும் கூடம் கட்ட அந்த இடம்தான் வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுகளும் விளக்கு சிவப்பாகவே இருந்தது. உபசரித்துப் பார்க்கலாம் என்றவர் வைத்தியலிங்கம். அவள் பாடும்போது சாறு சீராவதைக் கண்டு, "உங்க குரலுக்கு மரமே மயங்குதும்மா" என்றார். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வாரக் கடைசியில் பச்சை எரிந்தது. எல்லோரும் கேசரி சாப்பிட்டார்கள். செயலாளரான அவள் கைரேகை வைத்தால் அறுவை எந்திரம் வந்துவிடும்.

மறுநாள் காலையிலும் அவள் கை தானாகக் குடத்தை எடுத்தது. கீழே வைத்தியலிங்கம் கைரேகை பதிக்கும் கைப்பலகையுடன் காத்திருந்தார்.

"அதான் சரின்னுருச்சே. இன்னும் எதுக்குத் தண்ணி?" என்று சிரித்தார்.

வேரடியில் ஊற்றினாள். பாட வாயெடுத்தாள், வரவில்லை. சாமிக்குப் பாடியதைத் தூண்டில் இரையாகப் போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

தெருவில் ஒரு லாரி அலறிக்கொண்டு போனது. விளக்கு சிவந்தது. அவள் பதறிப் பட்டையில் கை வைத்தாள். சற்று நேரத்தில் அது மறுபடி பச்சையானது.

"இது சம்மதம் இல்ல சார். நம்மள நம்புது, அவ்வளவுதான்."

வைத்தியலிங்கம் கைப்பலகையை அவள் பக்கம் நீட்டினார். "கமிட்டிக்கு என்னம்மா சொல்றது?"

"ஏமாத்தினோம்னு சொல்லுவோம்."

வைத்தியலிங்கம் ஆணிகள் இருந்த துளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பலகையை அக்குளில் இடுக்கி, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

குடம் நிரம்பும் சத்தம் கேட்டது. அவளால் மரத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் கைக்கு அருகில் விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.