பக்கத்தில் படிப்பவர்

"ஏங்க... மூச்சு விடுங்க!"

தோளில் விழுந்த குத்தில் பதறி விழித்தான். பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறை. வெளியே மழை. பக்கத்து நாற்காலியில், மடியில் விரித்த புத்தகத்தோடு ஒருத்தி. நீச்சல் கற்றுக்கொடுப்பவள் போலும்... கழுத்தில் விசிலும் ஸ்டாப்வாட்சும் தொங்கின. கண்களில் மட்டும் பயம் இன்னும் வடியவில்லை.

"இருபத்திரெண்டு செகண்டு. குறட்டை நின்னுச்சு, மூச்சும் நின்னுச்சு."

எதிர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவனுக்குக் காது சுட்டது.

"எனக்குக் குறட்டையே கிடையாது."

"யாரு சொன்னா?"

"யாரும் சொன்னதில்ல!"

"அதான பார்த்தேன்..."

"என் மூச்சை எண்ண உங்களை யாரும் வேலைக்கு வெக்கலையே?"

அவள் முகம் சுருங்கிப்போனது. புத்தகத்தில் தலையைப் புதைத்துக்கொண்டாள்.

அவன் படிவத்தை நிரப்பத் தொடங்கினான். அச்சகத்தில் பிழை திருத்துபவன். பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது. கடைசிக் கேள்வி இப்படி இருந்தது: 'தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா? பக்கத்தில் படிப்பவரைக் கேட்டு எழுதி, கையொப்பம் பெறவும்.' 'டி'யை அடித்து 'டு' போட்டான். படுப்பவர். போட்ட பிறகுதான் உறைத்தது... கேட்க ஆளில்லை. ஏழு வருஷமாக ஒற்றைக் கட்டில், ஒற்றைத் தலையணை.

உள்ளே டாக்டரம்மா அவன் வாயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தூக்கத்துல பல்லைக் கடிச்சுத் தேய்ச்சிருக்கீங்க. வாயும் வறண்டு கிடக்கு. கீழ்த்தாடை உள்வாங்கியிருக்கு, நாக்கு பின்னால சரிஞ்சு மூச்சை அடைக்குதோன்னு சந்தேகம். தூக்கப் பரிசோதனைக்கு எழுதித் தரேன். கடைசிக் கேள்வி ஏன் காலி? பார்த்தவங்ககிட்ட கேட்டு எழுதுங்க தம்பி."

பார்த்தவங்க... ஒரே ஒருத்திதான்.

வெளியே வந்து அவள் எதிரில் நின்றான். வறட்டு கௌரவத்தை விழுங்க ஒரு நிமிஷம் ஆனது.

"மன்னிச்சிடுங்க... இருபத்திரெண்டுதானா?"

அவள் நிமிரவில்லை. புத்தக ஓரத்தில் பென்சிலால் குறித்ததைக் காட்டினாள். பதினாறு, பத்தொன்பது, இருபத்திரண்டு.

"அப்பாவுக்கும் இப்படித்தான். அடுத்த ரூம்ல படுத்து எண்ணிக்கிட்டே இருப்பேன்... ஒரு நாள் அசந்து தூங்கிட்டேன்." குரல் இறங்கியது. "இப்ப வீட்ல சத்தமே இல்ல. எனக்குத்தான் தூக்கம் வரல."

அவன் மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தான். படிவத்தில் தான் திருத்திய 'டு'வின் கீழே வரிசையாகப் புள்ளிகள் வைத்து அவளிடம் நீட்டினான்.

"என்னது இது?"

"திருத்தினது தப்பு, பழசே இருக்கட்டும்னு அர்த்தம்."

அவள் படித்தாள். பக்கத்தில் படிப்பவர். மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். காதோரம் சிவந்தது.

"பிழையை அப்படியே விடலாமா சார்?"

"என் மூச்சுக்காக இதுவரைக்கும் யாரும் பயந்ததில்லங்க... முழிச்சிருக்கும்போதும் நீங்க பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது."

மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். மனசுக்குள் எண்ணினான்... பதினெட்டு, பத்தொன்பது...

"மூச்சு விடுங்க," என்றாள் சிரிப்பை அடக்கி. "பேனாவைக் குடுங்க. கையெழுத்து எங்க போடணும்?"